லிஃப்ட் கிட்னு பில் போட்டு போல்ட்டை மட்டும் முறுக்கி விட்டுட்டாங்க, நீலகிரில பிக்கப் வச்சிருக்கவங்க உஷார்

கேத்தில கேரட் தோட்டத்துக்கு எறங்கற மண் ரோட்டுல மழை பெஞ்சா வண்டி அடி தட்டும், அதனாலதான் நம்ம டாடா ஸெனான் பிக்கப்பை லிஃப்ட் கிட் (வண்டி உயரத்தைத் தூக்கற சாமான்) போட்டு முன்னாடி ரெண்டு இன்ச் தூக்கிக் குடுங்கன்னு ஊட்டில ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். "புது கீ, நீளமான ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட் எல்லாம் பண்ணித் தர்றோம்ணா"ன்னு சொல்லி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காசு வாங்கிட்டாங்க. கீன்னா சாவி இல்ல, முன் சஸ்பென்ஷன்ல டார்ஷன் பார்ங்கற கம்பியோட முனையைப் புடிச்சிருக்கற இரும்புத் துண்டு, அதை அட்ஜஸ்டர் போல்ட்டால முறுக்கினா வண்டி முன்னாடி உயரும்.

லோடு ஏத்திட்டு குன்னூர் தாண்டி பர்லியார் எறக்கத்துல போறேன், ஒவ்வொரு குழிலயும் முன்னாடி டங்கு டங்குனு அடிக்குது, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது, லைட்டு ரோட்டுல விழாம மரத்து மேல விழுது, மூடுபனி வேற, கொண்டை ஊசில எதிர்ல பஸ் வந்தப்ப குலை நடுங்கிருச்சு.

மேட்டுப்பாளையத்துல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் என்னையும் அடில படுக்க வச்சு காட்டினாரு. புதுசுன்னு பில் போட்ட கீ மேல பல வருஷத்து சேறும் துருவும் அப்படியே இருக்கு, அட்ஜஸ்டர் போல்ட்டுல மட்டும் முறுக்கின எடத்துல மரை பளபளன்னு மின்னுது. ஷாக்கும் பழசேதான், கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்காங்க, பெயின்ட் புஷ் ரப்பர் மேலயும் வழிஞ்சிருக்கு!

டார்ஷன் பார்ங்கறது முறுக்கி நிக்கற கம்பி, அதுதான் ஸ்பிரிங்கே. போல்ட்டை முறுக்கினா ஸ்பிரிங் பலம் ஒண்ணும் ஏறாது, சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஆர்மோட கோணம்தான் மாறும், சக்கரம் கீழ எறங்க வேண்டிய எடம் போயிரும், மேல் ஆர்ம் போயி ஸ்டாப் ரப்பர்ல இடிக்கும், அந்த சத்தம்தான் அது. அதோட அலைன்மென்ட்டும் மாறிரும், அதைப் பாக்காம விட்டா டயர் ஓரமா தேயும். 4x4 வண்டின்னா ஆக்சில் ஜாயின்ட் கோணமும் ஏறி அதை மூடியிருக்கற ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும்.

யாராச்சும் இந்த வேலைக்கு வண்டி விடறதா இருந்தா, வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் சக்கரத்து ஹப் நடுவுல இருந்து அதுக்கு நேர் மேல இருக்கற ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்து எழுதி வாங்குங்க. கழட்டின பழைய சாமானையும் அலைன்மென்ட் பிரிண்ட்டையும் கேளுங்க, குடுக்க மாட்டேன்னா காசு குடுக்காதீங்க. டார்ஷன் பாரை கழட்டறாங்கன்னா இடது வலது மாத்திப் போடாம பாத்துக்கங்க, முறுக்கை எறக்கற டூல் இல்லாம கை வைக்கவே விடாதீங்க, தெறிச்சா ஆளையே அடிச்சிரும்.

அந்த ஊட்டி ஒர்க்‌ஷாப்காரனுக்கு போன் பண்ணி கேட்டா "மலை ரோட்டுல சத்தம் வரத்தான்ணா செய்யும்"ங்கறான். வண்டிய பழைய உயரத்துக்கே எறக்கியாச்சு. பில்லு, போட்டோ எல்லாம் வச்சு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், காசு இன்னும் வரல.