பண்டாரவளைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம்: வயதானவர்களை எழுப்பி நடக்க வைக்கிற இடம்

பெரியம்மா தங்கியிருக்கிற முதியோர் இல்லத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் விவரமாக எழுதிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளை டவுனில் இருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். உள்ளே இருப்பவர்களின் சொந்த விஷயங்களும் இதில் வருவதால் பெயர் போடவில்லை, தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள்.

நல்ல இடம், தாராளமாகச் சேர்க்கலாம். கட்டிலும் மெத்தையும் சுத்தமாகத்தான் இருக்கின்றன, ஆனால் அதற்காக நாங்கள் காசு கட்டவில்லை. இங்கே வயதானவர்களை எழுப்பி நடக்க வைக்கிறார்கள், கைக்கு வேலை கொடுக்கிறார்கள். அதற்குத்தான் கட்டுகிறோம்.

பெரியம்மா சின்ன வயதிலேயே தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுத்தவர். விடிய முன்னமே பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கின உடம்பு. வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலேயே எடுக்கலாம். அந்தக் காசு கைக்கு வந்ததும் “இனி நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருங்க” என்று தோட்டத்து வரிசை வீட்டில், அந்த லயக் காம்பராவில் உட்கார வைத்துவிடுகிறோம், பாசத்தில்தான். அதற்குப் பிறகு இருபது முப்பது வருடம் அவர்கள் வாழ வேண்டியிருக்கிறதே! சும்மா இருக்க இருக்கத் தொடைச் சதை வற்றிப்போகிறது, முழங்கால் இறுகுகிறது, எழும்பும்போது தடுமாற்றம் வருகிறது, ஒரு தடவை விழுந்துவிட்டால் பயத்திலேயே நடை இன்னும் குறைந்துவிடுகிறது. எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது.

வேறு ஓர் இடத்தையும் போய்ப் பார்த்தோம். பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் தூக்கம். அங்கே வேண்டாம் என்று வெளியே வந்ததுமே முடிவு செய்துவிட்டோம்.

இங்கே சேர்த்த அன்றைக்கே ஒரு சோதனை வைத்தார்கள். கதிரையில் இருந்து எழும்பி, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழுகிற ஆபத்து இருக்கிறதென்று கணக்காம். பெரியம்மா நிறைய நேரம் எடுத்தார். அதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரிப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இப்படி அளந்து பார்த்து வேலை செய்கிற ஆட்கள் நம் பக்கத்தில் அபூர்வம்.

பயிற்சி என்றதும் பெரிய மெஷின் எல்லாம் கற்பனை செய்யாதீர்கள். விடியற்காலைக் குளிரில் யாரையும் இழுத்துப் போவதில்லை, முற்றத்தில் வெயில் விழுந்த பிறகுதான் ஆரம்பம். நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து மெதுவாக எழும்பி, மெதுவாக உட்காருவது. கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. ஒரு காலின் விரலுக்கு முன்னால் மற்றக் காலின் குதியை வைத்து நேர்கோட்டில் நடப்பது. பிறகு முற்றத்தைச் சுற்றி நடை, அந்தப் பாதையில் பாசி பிடிக்க விடாமல் தேய்த்து வைத்திருக்கிறார்கள், படி வருகிற இடமெல்லாம் கைப்பிடிக் கம்பி இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலசைவும், 3 நாளாவது தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே நடக்கிறது கிட்டத்தட்ட அதுதான்.

எனக்கு ஆகவும் பிடித்தது இங்கே இருக்கிற காய்கறித் தோட்டம். இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து மண் நிரப்பி வைத்திருக்கிறார்கள், குனிய வேண்டியதில்லை. லீக்ஸ், போஞ்சி (பீன்ஸ்), வல்லாரை எல்லாம் அதில்தான். பெரியம்மா போஞ்சி பறிக்கிறதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கையும் ஒன்றாக வேலை செய்கிறது, கண் இலையில், வாய் பக்கத்தில் நிற்கிற அம்மாவோடு கதையில். கொழுந்து கிள்ளின வேகம் விரலை விட்டுப் போகவே இல்லை. அவர் பறித்தது மத்தியானக் கறிக்குப் போகிறது, அதைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சொல்லவும் செய்கிறார். நடை திரும்பி வந்ததில் பயிற்சிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தப் போஞ்சிக் கொடிக்கும் உண்டு என்று நான் நம்புகிறேன்.

சாப்பாடு பரவாயில்லை. ரொட்டி, சம்பல், பருப்பு, கீரை எல்லாம் ஒழுங்காக வருகிறது. முட்டை, நெத்தலி, கடலை என்று தினமும் ஏதாவது ஒன்று சேர்க்கிறார்கள், சதை வற்றாமல் இருக்கப் புரதம் வேண்டும் என்கிறார்கள், சரிதான். பிளேன்டீக்குச் சீனி அளந்துதான். வெற்றிலை விஷயத்தில் மட்டும் முதலில் சண்டை. புகையிலை அறவே கிடையாது, பாக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தப் பார்க்கிறார்கள், பாக்குத் தனியாகவே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால். பெரியம்மாவுக்குக் கோபம் வந்து எனக்குப் போன் எடுத்துத் திட்டினார். ஆனால் அங்கே வேலை செய்கிற பிள்ளை அதட்டாமல், “அம்மாயி, வாயைக் கொஞ்சம் காட்டுங்க, புண் இருக்கான்னு பார்ப்போம்” என்று சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கும்மி. வட்டமாக நின்று கை தட்டி அடி வைக்கிறார்கள், நிற்க முடியாதவர்கள் கதிரையில் இருந்தபடியே. தோட்டத்தில் காமன் கூத்து நடக்கிற காலத்தில் தப்பு மேளம் அடித்த ஒரு தாத்தா தாளம் போடுகிறார். மூச்சு வாங்க வாங்க ஆடுகிறார்கள், யாரும் “போதும்” என்று சொல்வதில்லை.

சரி, குறைகளும் சொல்ல வேண்டும். பயிற்சி சொல்லித்தருகிறவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். சுவரில் ஒட்டியிருக்கிற பயிற்சிப் படங்களில் சிங்களமும் ஆங்கிலமும் மட்டும் இருக்கின்றன, தங்கியிருப்பவர்களில் பாதிக்கு மேல் தமிழ் ஆட்கள். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள், முழங்கால் வலிக்கிறவர் எதைச் செய்யக்கூடாது என்பதை அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், ஆண்கள் நிறையப் பேர் வருவதே இல்லை, காரம்போர்டோடு சரி. ஐப்பசி கார்த்திகை மழையில் நடை நின்றுபோகிறது, உள்ளே நடக்க நீளமான விறாந்தை இல்லை. இராத்திரியில் பாத்ரூம் போகிற வழியில் வெளிச்சம் போதாது, இதை உடனே சரி செய்ய வேண்டும், ஏனென்றால் விழுகிற இடமே அதுதான்.

கட்டணம் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தனியாகக் கட்டக்கூடியது இல்லை. நாங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள் பங்கு போட்டுக் கட்டுகிறோம். முடியாதவர்கள் பகலில் மட்டும் கொண்டுவந்து விடலாம், காலைப் பயிற்சி, மத்தியானச் சாப்பாடு, தோட்டம் எல்லாம் உண்டு, செலவும் குறைவு. பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், இரவில் சொந்த வீட்டுத் தூக்கம் இருக்கட்டுமே.

எந்த இல்லமாக இருந்தாலும் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டையும் எடுத்து வையுங்கள். பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள், காலை பத்து மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பயிற்சிப் படங்களுக்கான தமிழ் வாசகங்களை நானே பெரிய எழுத்தில் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன், ஒட்டுவதாகச் சொன்னார்கள். ஒட்டினார்களா, பாத்ரூம் வழிக்கு லைட் போட்டார்களா என்று அடுத்த முறை போய்ப் பார்த்துவிட்டு இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.