தனி ஏபிஎன், சொந்த ரேடியஸ் சர்வர்: ராமநாதபுரம் கடற்கரையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் என்று இந்தக் கரையோரம் நெடுக இறால் பண்ணைகளிலும் ஐஸ் பிளாண்டுகளிலும் எங்கள் கண்காணிப்புக் கருவிகள் இருக்கின்றன. பெரும்பாலும் கேபிள் இழுக்க வழியில்லாத இடங்கள். அதனால் எல்லாமே சிம் போட்ட ரவுட்டர் வழியாகத்தான் பேசுகின்றன. மொபைல் நிறுவனத்திடம் தனி ஏபிஎன் (நம் சிம்களுக்கு மட்டுமான டேட்டா வாசல்) வாங்கி, எந்த சிம்மை உள்ளே விடுவது என்ற முடிவை ரேடியஸ் என்ற அனுமதி சரிபார்ப்பு முறைக்கான இலவச மென்பொருளான ஃப்ரீரேடியஸ் ஓடும் எங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டு சில வருடங்களாக ஓட்டி வருகிறோம். பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாட்டுக்குப் போனோம். இன்று யாராவது இதை விட்டுவிடச் சொன்னால், நான் சண்டை போடுவது அக்கவுன்டிங் பதிவுகளுக்காக, அதாவது எந்த சிம் எப்போது இணைந்தது, எவ்வளவு டேட்டா போய் வந்தது என்ற குறிப்புகளுக்காக.

நடப்பது இதுதான். ரவுட்டர் ஆன் ஆனதும் சிம்முக்கும் நெட்வொர்க்குக்கும் இடையே நடக்கும் சரிபார்ப்பு மொபைல் நிறுவனத்தின் வேலை, அதில் நாம் தலையிட முடியாது. அது முடிந்து டேட்டா செஷன் கேட்கும்போது கோரிக்கை அவர்களுடைய கேட்வேக்கு (மொபைல் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசல்) வருகிறது. 3ஜி காலத்தில் அதற்கு ஜிஜிஎஸ்என் என்று பெயர், 4ஜியில் பிஜிடபிள்யூ. கேட்வே ஏபிஎன் பெயரைப் பார்த்துவிட்டு, ஐபிசெக் டன்னல் (மறையாக்கிய பாதை) வழியே எங்கள் சர்வரின் 1812 போர்ட்டுக்குக் கேள்வி அனுப்பும். யூசர்நேம், பாஸ்வேர்டோடு சிம்மின் போன் எண், ஐஎம்எஸ்ஐ (சிம்மின் அடையாள எண்), ஐஎம்இஐ (கருவியின் அடையாள எண்) எல்லாம் அதில் வரும். நாங்கள் சரி என்றால், அந்த சிம்முக்கென்று ஒதுக்கிய ஐபி முகவரியும் பதிலோடு போகும்.

பாஸ்வேர்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ரவுட்டரின் கன்ஃபிக்கைத் திறந்தால் பல மாடல்களில் அது அப்படியே தெரியும். ஐஎம்எஸ்ஐயை நிரப்புவது நெட்வொர்க், ரவுட்டர் அல்ல. அதனால் ஐஎம்எஸ்ஐயையும் ஐஎம்இஐயையும் ஜோடியாகக் கட்டி வைத்தோம். ஒரு பண்ணையில் யாரோ சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தபோது, ஐஎம்இஐ மாறியதால் எங்கள் சர்வர் வாசலிலேயே மறுத்துவிட்டது.

அடுத்து ஃபிரேம்டு-ரூட், ரேடியஸ் பதிலோடு சேர்த்து அனுப்பும் ஒரு வழிக்குறிப்பு. ரவுட்டருக்குப் பின்னால் ஆக்சிஜன் சென்சார், ஏரேட்டர் பேனல், கேமரா என்று ஒரு சின்ன லேன் (உள் நெட்வொர்க்) இருக்கிறதே, அந்த மொத்த லேனுக்கும் வழி இந்த சிம்தான் என்று கேட்வேக்குச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டரில் தனி வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் தொல்லையே இல்லை. ஆனால் எல்லா நிறுவனங்களும் இதைத் தருவதில்லை. கையெழுத்துப் போடும் முன் டெஸ்ட் சிம் ஒன்றை வாங்கிப் பார்த்துவிடுங்கள். அப்புறம், பல ரவுட்டர்கள் 192.168.1 என்ற ஒரே லேன் எண்ணோடுதான் வரும்; பண்ணைக்குப் பண்ணை வேறு வேறு லேன் எண் கொடுத்தாக வேண்டும்.

இனி அக்கவுன்டிங். இறால் குளத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்குவது விடியலுக்கு முன்புதான். ராத்திரி முழுக்க பாசியும் இறாலும் மூச்சு விட்டிருக்கும், வெயில் இன்னும் வந்திருக்காது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பண்ணைக்காரருக்குத் தூக்கம் கிடையாது. அந்த நேரத்தில்தான் போன் வரும்: "தம்பி, நம்பர் நகரவே மாட்டேங்குது. நெட்டா, சென்சாரா?"

பதில் 1813 போர்ட்டில் வரும் பதிவுகளில் இருக்கும். செஷன் திறந்தே இருக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்டெரிம் அப்டேட் (இடைக்காலப் பதிவு) வருகிறது. பண்ணைப் பக்கம் போகும் பைட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது, அங்கிருந்து வருவது மட்டும் அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் எங்கள் கேள்வி பெரும்பாலும் ரவுட்டர்வரை போய்ச் சேர்கிறது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. "அண்ணே, நெட் நல்லாத்தான் இருக்கு. சென்சார் பெட்டிக்குக் கரண்ட் வருதான்னு பாருங்க." ஸ்டாப் பதிவு வந்து அதன்பின் ஸ்டார்ட் வராமல் இருந்தால் கதை வேறு: சிக்னல், ஆன்டெனா, இல்லாவிட்டால் மின்சாரம். இங்கே உப்புக்காற்றில் ஆன்டெனா கனெக்டர் பச்சை பூத்துப் போவது சகஜம். எந்தப் பக்கம் கோளாறு என்று ஆளை அனுப்பும் முன்பே தெரிவது பெரிய நிம்மதி.

தனுஷ்கோடிப் பக்கம் இன்னொரு சிக்கல். தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். கடல்மேல் சிக்னல் தடையில்லாமல் வருவதால் மோடம் சில வேளை இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கப் பார்க்கும். மோடம் லாகில் 413 என்று தொடங்கும் எண் தெரிந்தால் அதுதான்; நம் நாட்டுக்கு 404, 405. ரோமிங் அனுமதி இல்லாத சிம்மை அங்கே மறுப்பார்கள், மோடம் தேடித் தேடி நேரத்தை விரயமாக்கும். ரோமிங்கை அணைத்து, நம் மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க் எண்ணை மோடத்தில் நிரந்தரமாகப் பூட்டியபின் பிரச்சினை தீர்ந்தது.

எங்களை நிஜமாகவே சோதித்தது 2024 நவம்பர் 20. ராமேஸ்வரத்தில் அன்று 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மின்சாரம் போய்ப் போய் வர, ரவுட்டர்கள் கூட்டமாக விழுந்து கூட்டமாக எழுந்தன. பழைய செஷன்களுக்கு ஸ்டாப் பதிவே வரவில்லை, டேட்டாபேஸில் அவை திறந்தே கிடந்தன. ஒரு சிம்முக்கு ஒரு செஷன்தான் என்ற கட்டுப்பாட்டை வைத்திருந்தால், திரும்ப வந்த ஒவ்வொரு ரவுட்டரையும் நம் சர்வரே வெளியே நிறுத்தியிருக்கும். ஐஎம்எஸ்ஐக்கு நிலையான ஐபி கொடுத்திருந்ததால் அந்தக் கட்டுப்பாடு எங்களுக்குத் தேவைப்படவில்லை. இன்டெரிம் மூன்று முறை தொடர்ந்து தவறினால் செஷனை மூடிவிடும் ஒரு ஸ்கிரிப்ட் மட்டும் ஓடுகிறது. கேட்வேயே ரீஸ்டார்ட் ஆனால் அக்கவுன்டிங்-ஆன் என்ற செய்தி வர வேண்டும், அதைப் பார்த்ததும் மொத்தத்தையும் மூடலாம். எங்கள் மொபைல் நிறுவனம் அதைப் பல மாதம் அனுப்பவே இல்லை, விடாமல் கேட்டு வாங்கினோம்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பற்றி ஒரு வார்த்தை. பிங் போகிறது, சென்சார் எண் வருகிறது, கேமரா படம் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் அங்கே பாருங்கள். மொபைல் நெட்வொர்க்குக்குள் டேட்டாவைச் சுமக்கும் ஜிடிபி டன்னலே 36 பைட் எடுத்துக்கொள்ளும், அதன்மேல் ஐபிசெக் வேறு. டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1300க்குக் குறைத்தோம், அதன்பின் படம் நிற்கவில்லை. 2024 ஜூலையில் வெளிவந்த பிளாஸ்ட்ரேடியஸ் ஓட்டைக்கு (ரேடியஸ் பதிலைப் போலியாக்க வழிவிட்டது) பிறகு, மெசேஜ்-ஆதென்டிகேட்டர் (செய்தி மாற்றப்படவில்லை என்று காட்டும் முத்திரை) இல்லாத கோரிக்கையை ஏற்பதில்லை என்றும் வைத்திருக்கிறோம்.

நாலைந்து சிம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவும் வேண்டாம். சாதாரண சிம் போட்டு ரவுட்டரிலிருந்து வயர்கார்ட் என்ற விபிஎன் (மறையாக்கிய தனிப்பாதை) எழுப்பினால் போதும், செலவும் மிகக் குறைவு. இடங்கள் பெருகி, இரவு நேரப் போன்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வந்தபின் தனி ஏபிஎன்னை யோசியுங்கள்.

அப்படி வாங்கும்போது இரண்டு ரேடியஸ் சர்வர்கள் வையுங்கள், ஒன்று இந்தக் கரையை விட்டுத் தள்ளி இருக்கட்டும். எங்களுடையது மதுரையில் இருக்கிறது. முதல் சர்வர் பதில் சொல்லாவிட்டால் எத்தனை நொடியில் அடுத்ததற்குப் போவீர்கள் என்று கேட்வே ஆட்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரம் நீண்டால் மோடம் அதற்குள் விட்டுவிட்டு முதலிலிருந்து கேட்கத் தொடங்கும், இரண்டாவது சர்வர் இருந்தும் செஷன் எழாது. எங்களுக்கு இரண்டு நொடி வீதம் இரண்டு முயற்சி என்று வைத்திருக்கிறார்கள், அது சரியாக இருக்கிறது.