மேகி சியுங்கின் இரண்டு காதல் படங்கள்: எதை வாங்கலாம்?

இரண்டும் ஹாங்காங் படங்கள். இரண்டிலும் நாயகி மேகி சியுங். பீட்டர் சான் இயக்கிய 'காம்ரேட்ஸ்: ஆல்மோஸ்ட் எ லவ் ஸ்டோரி' 1996இல் வெளியானது. வாங் கார்-வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' 2000இல் வந்து, நாயகன் டோனி லியுங்குக்குக் கான் திரைப்பட விழாவின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. நடிப்பைப் பற்றி இரண்டிலும் பேச்சே வேண்டாம். ஒரு வட்டுதான் வாங்குவது என்றானபோது நான் வாங்கியது வாங் கார்-வாயின் படத்தை. மறுபடி பார்க்கும்போது எது தாங்கும் என்பதே என் அளவுகோல்.

'காம்ரேட்ஸ்' 1986இல் சீனப் பெருநிலத்திலிருந்து ஹாங்காங்குக்குப் பிழைக்க வரும் இருவரைப் பத்தாண்டு பின்தொடர்கிறது. தாதாவாக வரும் எரிக் சாங்கின் முதுகில் பச்சை குத்தியிருக்கும் மிக்கி மவுஸைக் கண்டு மேகி சிரிக்க, அந்தச் சிரிப்பு அழுகையாக மாறும் இடம் என்னை உலுக்கிவிட்டது. ஆனால் தற்செயல் சந்திப்புகளை நம்பி நிற்கும் கதை இது. யார் எங்கே எதிர்ப்படுவார் என்று தெரிந்தபின் தவிப்பு பாதி வடிந்துவிடுகிறது.

மற்றதில் வடிந்துபோகக் கதையே அதிகம் இல்லை. 1962. அடுத்தடுத்த வீடுகளில் ஒரே நாளில் குடியேறும் இருவர், தங்கள் துணைகள் தமக்குள் உறவு வைத்திருப்பதை ஒரு கைப்பை, ஒரு கழுத்து டை வழியாகக் கண்டுகொள்கிறார்கள். "உனக்கு வேறொருத்தி இருக்கிறாளா?" என்று மேகி கேட்கிறார், கணவனிடம்தான் கேட்கிறார் என்று நம்புகிறோம். எதிரே இருப்பவர் டோனி லியுங். அது கணவனிடம் கேட்பதற்கான ஒத்திகை. முதல் முறை இது திடுக்கிட வைக்கிறது. அடுத்த முறை, ஒத்திகை எந்த நொடியில் உண்மையாகிறது என்று அந்த முகங்களில் தேட ஆரம்பிக்கிறோம். ஒவ்வொரு முறையும் எனக்கு வேறொரு நொடி அகப்படுகிறது.

உடையும் அப்படித்தான். ஒரே காட்சி நீள்வதாகத் தோன்றும். மேகி அணியும் சியோங்சாம் என்ற சீன நீள்கவுன் மாறியிருக்கும். இடையில் எத்தனையோ நாட்கள் கழிந்துவிட்டன என்பதற்கு வேறு அடையாளம் கிடையாது. நூடுல்ஸ் வாங்கப் படியிறங்கும் காட்சிகளில் அதைக் கவனித்த பிறகு, 98 நிமிடப் படம் எனக்குள் பெரிதாகிவிட்டது. துணைகளின் முகங்களைக் கடைசிவரை காட்டாததால், அவர்களின் குரலையும் முதுகையும் வைத்து ஊகிக்கும் வேலையும் நமக்கு விடப்படுகிறது.

பொறுமை கேட்கும் படம்தான். வருடத்துக்கு ஒரு படம் பார்க்கும் வீட்டாருக்கு 'காம்ரேட்ஸ்' போடுவதே நல்லது. குடும்பமாக உட்கார்ந்து அழலாம்.

என் தீர்ப்பில் ஒரு பலவீனம் உண்டு. சீன மொழிகளான காண்டனீஸும் மாண்டரினும் எனக்குத் தெரியாது. 'காம்ரேட்ஸ்' நாயகனின் தனிமையில் பாதி, காண்டனீஸ் பேசும் ஊரில் அவன் மாண்டரின் பேசித் திண்டாடுவதில் இருக்கிறது. அது வசனவரி வழியாக எனக்கு அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். அதை வாங்குகிறவர்கள் இரு மொழியும் கலந்த ஒலித்தடம் உள்ள பதிப்பா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். முழுக்க ஒரே மொழியில் டப்பிங் செய்ததென்றால் வேண்டாம்.