வில்லா விடுமுறை: கல்கானா, காஷா?

துருக்கியின் தென்மேற்குக் கடலோரத்தில் உள்ள கல்கான், காஷ் என்ற இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 25 கி.மீ.தான். பெரிய குடும்பமென்றால் நான் கல்கானைத்தான் சொல்வேன். நீச்சல் குளத்தோடு தனி வில்லாக்கள் அங்கே ஏராளம்; எட்டுப் பேர் பகிர்ந்தால் தலைக்கு வாடகை நன்றாகக் குறையும். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே அல்லது அக்டோபரில் போனால் இன்னும் மலிவு. ஆனால் ஊர் செங்குத்தான மலைச்சரிவு. மேலே போகப் போக வாடகை இறங்கும், டாக்சிச் செலவு ஏறும். துறைமுகத்துக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

இருவர் மட்டும் என்றால் காஷ். சின்ன விடுதிகள் உண்டு, கடைவீதி நடக்கும் தூரம், கார் தேவையில்லை. அப்புறம், அழகான கபுதாஷ் கடற்கரை இரண்டு ஊருக்கும் பொது. வழியில் டோல்முஷ் மினிபஸ்ஸிலேயே இறங்கிக்கொள்ளலாம்.