கிராமர் பள்ளி மறுஆய்வும் மேல்முறையீடும்: ஓர் ஆலோசனைச் சேவையும் அதன் வெற்றி விகிதமும்

இங்கிலாந்தில், தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் அரசு இடைநிலைப் பள்ளிகளான கிராமர் பள்ளிகளில் சேர்வதற்கான இலெவன் பிளஸ் தேர்வெழுதித் தகுதி மதிப்பெண்ணைத் தொடாத பிள்ளைகளின் பெற்றோருக்கு, மறுஆய்வுக்கும் மேல்முறையீட்டுக்கும் ஆவணங்களைத் தயாரித்துக் கொடுக்கும் கட்டணச் சேவைகள் பல இருக்கின்றன. பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில் எங்கள் மகளுக்காக அவற்றுள் ஒன்றை நாங்கள் பயன்படுத்தினோம். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஏனெனில், நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதன்று. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் வெற்றி விகிதத்தை நம்பிக் கட்டணம் செலுத்தும் எல்லாப் பெற்றோரையும் அது தொடுகிறது.

முதலில் நடைமுறையைச் சொல்ல வேண்டும். பக்கிங்காம்ஷயரின் 13 கிராமர் பள்ளிகளுக்கும் தகுதி மதிப்பெண் 121. அக்டோபரில் முடிவு வரும்போது அதற்குக் கீழே பெற்றவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தலைமை ஆசிரியர்கள் அடங்கிய குழுவிடம் மறுஆய்வு கேட்பது. மற்றொன்று, மறுஆய்வை விட்டுவிட்டு, மார்ச் 1ஆம் தேதி இடஒதுக்கீட்டுக்குப் பிறகு சுயேச்சையான மேல்முறையீட்டுக் குழுவிடம் நேரடியாகச் செல்வது. இரண்டுக்குமே கட்டணம் கிடையாது. மறுஆய்வில் தோற்றாலும் மேல்முறையீடு செய்யலாம்தான். ஆனால் மேல்முறையீட்டு விதித்தொகுப்பின்படி, குழு அப்போது முதலில் பார்ப்பது பிள்ளையின் திறமையை அன்று, மறுஆய்வு நியாயமாகவும் ஒரே சீராகவும் பாரபட்சமின்றியும் நடந்ததா என்பதை. அப்படி நடந்திருந்தால் கதவு அங்கேயே மூடிவிடும்; பிள்ளையின் பள்ளி அறிக்கைகள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் குழு அவற்றைப் பிரித்துப் பார்க்காது. ஆகவே எந்த மேடையில் நம் சான்றுகளை முன்வைப்பது என்பது, ஒருமுறை எடுத்தால் மாற்ற முடியாத முடிவு.

இந்த முடிவை எடுக்க உதவியதில்தான் அந்தச் சேவையின் உண்மையான பலத்தைக் கண்டோம். ஆலோசகர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாங்கள் எழுதியிருந்த வரைவை வரி வரியாகப் படித்தார். தேர்வன்று மகளுக்குச் சளி பிடித்திருந்ததைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தோம். மருத்துவரின் குறிப்போ, அன்று பள்ளிக்குத் தெரிவித்த பதிவோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். அதற்குப் பதிலாக ஐந்தாம் ஆண்டு அறிக்கையையும், பள்ளி நடத்திய கேட் (CAT) என்னும் சிந்தனைத்திறன் சோதனையின் மதிப்பெண் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சொல்சார் திறனில் அவள் பெற்றிருந்த மதிப்பெண்ணும், வாசிப்பைப் பற்றி வகுப்பாசிரியை எழுதியிருந்த இரண்டு வரிகளும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்று காட்டினார். "குழு உங்கள் வருத்தத்தை மதிப்பிடாது, தாளில் இருப்பதை மதிப்பிடும்" என்றார். அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் கொடுத்த பணம் தகும்.

இனி வெற்றி விகிதம். நிறுவனம் தன் விளம்பரத்தில் ஒரே ஒரு சதவீதத்தைத் தருகிறது. எதற்குள் எத்தனை என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. மறுஆய்வும் மேல்முறையீடும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தகுதி மதிப்பெண் பெறாதவரின் மேல்முறையீடும், தகுதி பெற்றும் பள்ளி நிரம்பிவிட்டதால் இடம் கிடைக்காதவரின் மேல்முறையீடும் முற்றிலும் வேறு வழக்குகள். முதலாவதில் பிள்ளையின் கல்வித்தரத்தை நிறுவ வேண்டும். பள்ளி நிரம்பியிருந்தால் அதற்கு மேல் இன்னொரு தடையையும் தாண்ட வேண்டும். இரண்டாவதில், இன்னொரு மாணவரைச் சேர்ப்பதால் பள்ளிக்கு வரும் பாதிப்பைவிட நம் காரணம் கனமானது என்று காட்டினால் போதும். இவ்விரண்டையும் கூட்டி வகுத்துக் கிடைக்கும் எண் எந்தப் பெற்றோரின் நிலையையும் விவரிக்காது. விசாரணைக்கு முன்பே திரும்பப் பெறப்பட்ட விண்ணப்பங்கள் கணக்கில் இருக்கின்றனவா என்பதும் தெரியவில்லை; அவற்றை விட்டுவிட்டாலே சதவீதம் உயர்ந்துவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முதல் தொலைபேசி அழைப்பிலேயே மகளின் மதிப்பெண்ணையும், அவள் படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆதரிக்கிறாரா என்பதையும் கேட்டார்கள். 120 பெற்று, பள்ளியின் உறுதியான ஆதரவும் உள்ள பிள்ளையின் வாய்ப்பு வேறு. 105 பெற்ற பிள்ளையின் வாய்ப்பு வேறு. முதல் வகையினரை மட்டும் ஏற்றுக்கொள்ளும் எந்த நிறுவனத்துக்கும், எதுவும் செய்யாமலேயே நல்ல விகிதம் வந்துவிடும். எங்கள் மகளுக்கு மறுஆய்வில் தகுதி கிடைத்தது. அவர்களுடைய வெற்றிக் கணக்கில் அவளும் ஓர் எண்ணாகச் சேர்ந்திருப்பாள். ஆனால் குழுவின் முன் பேசியவை தலைமை ஆசிரியர் நிரப்பி அனுப்பிய படிவமும், பள்ளி பல ஆண்டுகளாகப் பதிந்துவைத்திருந்த மதிப்பெண்களும்தாம். அந்த எண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, ஆலோசகரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

நாடு தழுவிய புள்ளிவிவரத்தோடு தங்கள் விகிதத்தை ஒப்பிட்டுப் பெருமைப்படுவதையும் நான் ஏற்கவில்லை. கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், விசாரிக்கப்பட்ட இடைநிலைப் பள்ளி மேல்முறையீடுகளில் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வெற்றி பெறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தேர்வே வைக்காத பள்ளிகளைப் பற்றியவை. கிராமர் பள்ளிகளுக்குள்ளேயே கூட வட்டாரத்துக்கு வட்டாரம் முறை மாறுகிறது. கென்ட் மாவட்டத்தில் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளைத் தலைமை ஆசிரியர்கள் குழு முடிவு வெளியாகும் முன்பே பரிசீலித்துவிடுகிறது. ஆகவே அங்கே மேல்முறையீட்டுக்கு வருபவர்கள் ஏற்கெனவே ஒருமுறை சலிக்கப்பட்டவர்கள். பக்கிங்காம்ஷயரின் சதவீதத்தை அந்தச் சதவீதத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். மறுஆய்வில் கிடைப்பது தகுதி மட்டுமே, இடம் அன்று. இடம் ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை விதிப்படி, பெரும்பாலும் வசிப்பிட எல்லையையும் தூரத்தையும் பொறுத்தே கிடைக்கிறது. நாங்கள் கேட்டதும் ஆலோசகர் இதைத் தெளிவாகச் சொன்னார், ஆனால் விளம்பரத்தில் இது இல்லை.

எழுத்துப்பணியில் நம்பிக்கையில்லாத பெற்றோருக்கும், மறுஆய்வா நேரடி மேல்முறையீடா என்று தடுமாறுபவர்களுக்கும் இந்தச் சேவையின் முதல் ஆலோசனை அமர்வைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பல நூறு பவுண்ட் கேட்கும் முழுத் தொகுப்பை, பள்ளியின் தலைமை ஆசிரியரைச் சந்தித்து, பிள்ளையின் பதிவுகளைப் பார்த்து, அவர் எந்த அளவுக்கு ஆதரிக்கிறார் என்று அறிவதற்கு முன் வாங்க வேண்டாம். வாங்குவதாக இருந்தால், உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு அருகில் இருந்தவர்கள் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு எந்தக் கட்டத்தில் தகுதி கிடைத்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது அப்படிப்பட்ட பட்டியல் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.