முதலில் ரீமிக்ஸா, கவரா?

நியூ ஆர்டர் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘புளூ மண்டே’ 1983இல் வந்தது. ஏழரை நிமிடப் பாட்டு. குரல் ஒலிக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அத்தை மகனுக்கு இதை எந்த வடிவத்தில் முதலில் கொடுப்பது? அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் மேற்பார்வையில், மூலப் பதிவையே மாற்றிக் கலந்து உருவான 1988 ரீமிக்ஸா, ஆர்ஜி என்ற அமெரிக்க ராக் குழு 1998இல் தன் பாணியில் மீண்டும் பாடிய கவரா?

அவிநாசி பஸ்ஸில் ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு இரண்டையும் கேட்டோம். ரீமிக்ஸில் மூலப் பாடகரின் அதே குரல், உணர்ச்சியை வெளியே காட்டாத அந்தத் தொனி. டிரம் மெஷினின் அடி நிதானமாகத் தொடங்கி, சட்டியில் சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடிக்கும். அந்த இடத்தில் அவன் விரல்கள் டிபன் பாக்ஸின் மூடியில் தாளம் தட்டத் தொடங்கின. இரவெல்லாம் பின்னல் இயந்திரங்களின் ஓசையில் பழகிய காது அல்லவா! மாறாத தாளத்துக்குள் நடக்கும் சிறு மாற்றங்களை உடனே பிடித்துவிட்டான்.

கவரில் கிதார் முன்னே வந்துவிடுகிறது. கோபம் கூடுகிறது, நடனம் குறைகிறது. நல்ல முயற்சிதான், ஆனால் மூலத்தை அறிந்தவருக்கே அதன் துணிச்சல் புரியும்.

ஆகவே, ஆட விரும்புகிறவருக்கு ரீமிக்ஸையே முதலில் கொடுப்பேன். பிறகு மூலம், கடைசியில் கவர். இறங்கும்போது அவன் கேட்டது ஒன்றுதான்: “அண்ணா, அந்த முழு ஏழரை நிமிடத்தையும் அனுப்புங்கள்.”