ஸ்பிரிங் வாஷரா, நைலாக்கா, லாக்டைட்டா?

மதுரையில் எந்தப் பட்டறையில் வண்டியை விட்டாலும், நட் கழன்ற இடத்துக்கு முதல் வைத்தியம், ஓரிடத்தில் வெட்டி முறுக்கிய வளையமான ஸ்பிரிங் வாஷர்தான். "புது வாஷர் போட்டாச்சுண்ணே, இனி அசையாது" என்பார்கள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரை போய்வந்தால் ஃபுட்ரெஸ்ட் மறுபடி ஆடும். வாஷர் என்னவோ போட்ட இடத்தில் அப்படியே இருக்கும்.

போல்ட்டைப் பிடித்து வைப்பது வாஷர் அல்ல. இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. இழுத்துக் கட்டிய ரப்பர் மாதிரி அது சுருங்கப் பார்க்கும் விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. பாகங்கள் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தால் நட் தானாகவே திரும்பும் என்று ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டினார். அவர் பெயரில் இன்றும் நடக்கும் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் போட்ட போல்ட்டும் போடாத போல்ட்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கழல்கின்றன. சரியாக இறுக்கினால் அந்த வாஷர் தட்டையாகிவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. மலிவு என்பதைத் தவிர அதற்காகப் பேச எனக்கு எதுவும் இல்லை.

நைலாக் நட் பரவாயில்லை. உள்ளே இருக்கும் நைலான் வளையம் மரையைக் கவ்விக்கொள்வதால், இறுக்கம் குறைந்தாலும் நட் சாலையில் விழாது. சாரி கார்டு, நம்பர் பிளேட், கிராஷ் கார்டுக்கு இது போதும். ஆனால் 120 டிகிரிக்கு மேல் நைலான் தாங்காது, அதனால் சைலன்சர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அங்கே முழுக்க உலோகத்தால் ஆன லாக் நட்தான். கையாலேயே முழுதும் சுற்றி ஏற்ற முடிகிற பழைய நைலாக்கைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

நட் இல்லாமல் நேராக மரைக்குள் ஏறும் போல்ட்டில் நைலாக்குக்கு வேலையில்லை. டிஸ்க் பிரேக்கின் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் போல்ட், அதைக் கவ்வும் பாகத்தின் கேலிப்பர் போல்ட் எல்லாம் இந்த வகை. இங்கே லாக்டைட் மாதிரியான பசைதான் ஜெயிக்கிறது. காற்றுப் படாமல், உலோகத்தோடு ஒட்டி இருக்கும்போதுதான் அது இறுகும். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். மரையில் கிரீஸோ ஆயிலோ இருந்தால் பிடிமானம் குறையும், முதலில் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு போதும். நீல நிற 243 போட்டதைச் சாதாரண ஸ்பானரால் கழற்றிவிடலாம். சிவப்பு 271ஐ 250 டிகிரி வரை சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும், வீட்டில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. இன்னொன்று, பசை பிளாஸ்டிக் பேனலில் பட்டால் விரிசல் விடும்.

இத்தனைக்கும் முன்னால் இறுக்கம் சரியாக இருக்க வேண்டும். 8.8 தர (பலத்தைக் குறிக்கும் எண் இது) 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, 8 மி.மீ. போல்ட்டுக்கு 25, அலுமினிய மரை என்றால் வண்டியின் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. நீள ஸ்பானரில் தொங்கி இறுக்கினால் மரை போய்விடும். தளர்வாக விட்டாலும் ஆபத்துதான்: ஒவ்வொரு குலுக்கலுக்கும் போல்ட் வளைந்து நிமிர்ந்து களைத்து உடையும். அப்படி உடைந்த முகத்தைப் பார்த்தால் தெரியும். ஒரு பாதி வழவழப்பாக, அலை ஒதுங்கிய மணல் போல வரி வரியாக இருக்கும், மறுபாதி சொரசொரப்பாக மின்னும். வரி விழுந்த பாதி நாள்கணக்கில் மெல்ல விரிசல் விட்டது, சொரசொரப்பான பாதி கடைசி நொடியில் அறுந்தது. அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடையில் கிடைக்கும் ஏ2-70 தர ஸ்டெயின்லெஸ், 8.8ஐ விடப் பலம் குறைந்தது. பிரேக் பக்கம் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது எல்லாவற்றிலும் மலிவானது. இறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து பக்கத்துப் பாகம் வரை பெயின்ட்டாலோ நெயில் பாலிஷாலோ ஒரே கோடு. அது எதையும் பிடித்து வைக்காது, ஆனால் கோடு விலகியிருந்தால் வாட்டர் சர்வீஸ் முடிந்து வண்டி நிற்கும்போதே கண்ணில் படும். நட்டைச் சுற்றித் துருப்பொடி கசிந்திருந்தால் அதுவும் பாகங்கள் உரசுகின்றன என்பதற்கான அடையாளம்.

ஸ்ப்ளிட் பின் (குறுக்கே சொருகி முனையை விரித்து வளைக்கும் கம்பி) போட்டுவரும் பின்சக்கர ஆக்ஸிலில் மட்டும் இந்தப் போட்டிக்கே இடமில்லை. அங்கே பின்தான் வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் புதுசு. செயின் டைட் பண்ணிவிட்டுப் பழைய பின்னையே நிமிர்த்திச் சொருகினால் அங்கேயே நிறுத்திப் புதுசு கேளுங்கள்.